பாய்மம் சரி, மொசைக்கும் சரி, படம்தான் சரியில்லை

செல் சவ்வு என்றதும் உயிரியல் படித்த எவருக்கும் ஒரே படம்தான் மனத்தில் எழும். உருண்டைத் தலையும் இரட்டை வாலுமாகக் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசை, வால்கள் உள்நோக்கி. அவற்றுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக உருளைக்கிழங்கைப் புதைத்தது போலப் புரதங்கள். 1972 பிப்ரவரியில் ‘சயின்ஸ்’ இதழில் எஸ். ஜே. சிங்கரும் கார்த் நிக்கல்சனும் எழுதிய 12 பக்கக் கட்டுரையிலிருந்து வந்த படம் அது. தங்கள் கருத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பாய்ம மொசைக் மாதிரி. சவ்வு ஓயாமல் நகர்கிறது என்று சொன்ன அந்தக் கட்டுரையின் படம் மட்டும் 50 ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்களில் இம்மியும் நகரவில்லை.

இந்த மாதிரி காலாவதியாகிவிட்டது என்று இடையில் அறிவித்தவர்கள் பலர். காக்க வந்தவர்களும் உண்டு. நிக்கல்சனே 2014இல் நீண்ட கட்டுரை எழுதி, திருத்தங்களோடு அது இன்னும் பொருந்துகிறது என்று வாதாடினார். இந்த வழக்கில் ஒரு தரப்பு தாக்குவது படத்தை. மறு தரப்பு காப்பது கட்டுரையை. அதனால்தான் சண்டை முடியாமல் இழுக்கிறது. இரண்டையும் பிரித்து எடைபோட்டால் தீர்ப்பு அவ்வளவு கடினமல்ல.

முதலில், 1972க்கு முன் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1890களில் சூரிக்கில் சார்ல்ஸ் எர்னஸ்ட் ஓவர்டன் எந்தப் பொருள் எவ்வளவு விரைவாகத் தாவரச் செல்லுக்குள் நுழைகிறது என்று நூற்றுக்கணக்கான சேர்மங்களை வைத்துச் சோதித்தார். எண்ணெயில் எளிதில் கரைவது எளிதில் உள்ளே போனது. ஆகவே செல்லின் எல்லையில் கொழுப்பு இருக்க வேண்டும், அது கொலஸ்ட்ரால், லெசித்தின் போன்றதாக இருக்கலாம் என்றார். சவ்வை நுண்ணோக்கியில் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது; அதன் வேலையை வைத்தே அதன் பொருளைச் சொல்லிவிட்டார். இந்தத் துறையில் பிறகு வந்த நல்ல வாதங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. தவறிய வாதங்களில் பல, ஒரு படத்தை அளவுக்கு மீறி நம்பியதால் தவறியவை.

1925இல் லைடனில் குழந்தை மருத்துவரான எவர்ட் கார்ட்டரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பினார்கள். பரந்த இடம், செல்களின் மொத்தப் பரப்பைப்போல் இரு மடங்கு. எனவே கொழுப்பு இரட்டை அடுக்கு. இன்றும் நிற்கும் முடிவு. ஆனால் அளவீடு இரண்டு இடத்தில் பிழை. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை. உலர்ந்த செல்லை அளந்ததால் பரப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. ஒரு குறை இன்னொரு குறையைச் சரிக்கட்டியது என்பது 1966இல் சோதனையைத் திரும்பச் செய்தபோதுதான் தெளிவானது. சவ்வில் புரதம் பிடிக்கும் இடத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விடுபடல் பிறகு வந்த படங்களிலும் தொடர்ந்தது.

அடுத்த பத்தாண்டில் இதற்கு நேர்மாறானது நடந்தது. 1935இல் ஜேம்ஸ் டேனியலியும் நியூட்டன் ஹார்வியும் கானாங்கெளுத்தி வகை மீன் முட்டையின் எண்ணெயை வைத்துப் பரப்பு இழுவிசையை ஆராய்ந்தார்கள். செல் பரப்பின் இழுவிசை, எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் இருப்பதைவிட மிகக் குறைவு. குறைப்பது புரதம் என்று முடிவு செய்தார்கள். அதே ஆண்டு டேனியலியும் ஹியூ டாவ்சனும் கொழுப்பு அடுக்கின் இருபுறமும் புரதப் போர்வை பூசிய மாதிரியை முன்வைத்தார்கள். அளவீட்டில் குற்றமில்லை. ஆனால் சவ்வுக் கொழுப்பான பாஸ்போலிப்பிடின் தலைகளே இழுவிசையைக் குறைத்துவிடும். அதற்குப் புரதம் தேவையே இல்லை. பிழையான அளவு சரியான விடையையும், சரியான அளவு பிழையான விடையையும் தந்த இந்தப் பத்தாண்டை அறிவியல் முறை பற்றிப் பாடம் நடத்துபவர்கள் ஏனோ அதிகம் பயன்படுத்துவதில்லை.

1950களின் இறுதியில் டேவிட் ராபர்ட்சன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டு கருங்கோடுகளையும் நடுவில் ஒரு வெளிர்கோட்டையும் கண்டு, எல்லாச் சவ்வுகளும் இதே மூன்றடுக்கு அலகுதான் என்றார். கருங்கோடு புரதப் போர்வை என்று வாசித்தார். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எடையில் முக்கால் பங்கு புரதம். நரம்பைச் சுற்றும் மயலினில் கால் பங்குகூடத் தேறாது. முன்னது ஆற்றல் தயாரிக்கிறது. பின்னது மின்கசிவைத் தடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே அமைப்பு என்று சொல்லும் மாதிரி அவற்றின் வேலையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றுதான் பொருள்.

சிங்கர் தாக்கியது இங்கே. அவருடைய வாதம் ஆற்றல் கணக்கு. புரதம் போர்வையாகப் படிந்தால் கொழுப்பின் நீர்நாடும் தலைகள் நீரை இழக்கின்றன. விரித்துப் பரப்பப்பட்ட புரதத்தின் நீர்வெறுக்கும் பகுதிகள் நீரில் அம்பலப்படுகின்றன. இரண்டுமே ஆற்றல் நட்டம். நட்டமில்லாத வழி ஒன்று உண்டு: புரதம் உருண்டு திரண்டு, நீர்வெறுக்கும் பகுதியைக் கொழுப்புக்குள் புதைத்து, நீர்நாடும் பகுதியை வெளியே நீட்டிக்கொள்வது. சவ்வுப் புரதங்களில் சுருள் அமைப்பு கணிசமாக இருப்பதை அவரும் ஜான் லெனார்டும் 1966இலேயே ஒளியியல் முறையில் கண்டிருந்தார்கள். அதே ஆண்டு டேனியல் பிரான்டன், உறையவைத்து உடைத்த சவ்வு நடுவில் இரண்டாகப் பிளக்கிறது என்று காட்டினார். பிளந்த முகத்தில் துகள்கள் தெரிந்தன. கொழுப்பின் நடுவே புரதம் இல்லாவிட்டால் அவை எங்கிருந்து வரும்?

நகர்வுக்கான சான்று 1970இல் வந்தது. ஃபிரையும் மைக்கேல் எடிடினும் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் சென்டாய் வைரஸால் ஒட்டவைத்து, இருவகைப் பரப்புப் புரதங்களையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரச் செய்தார்கள். 37 டிகிரியில் 40 நிமிடங்களில் நிறங்கள் கலந்துவிட்டன. ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தாலும் கலந்தன, குளிரவைத்தால் கலக்கவில்லை. செல் தள்ளிவிடவில்லை, பரப்பு தானே பாய்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை அன்று கிடையாது.

இந்தச் சான்றுகளை வைத்துக் கட்டிய வாதம் காலத்தின் சோதனையில் எப்படித் தேறியது? சவ்வை ஊடுருவும் ஒரு புரதத்தின் முழு அணு அமைப்பும் கையில் இல்லாதபோது எழுதியது என்பதை நினைத்தால், வியக்கும்படி. 1975இல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தைப் படம்பிடித்தபோது ஏழு தண்டுகள் சவ்வைக் குறுக்கே கடந்து நின்றன. நீர்வெறுக்கும் நடுப்பகுதியின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர். அதைக் கடக்கும் சுருளுக்கு ஏறத்தாழ 20 அமினோ அமிலங்கள் வேண்டும். இந்த எளிய கணக்கை வைத்து, மரபணு வரிசையை மட்டும் பார்த்தே ஒரு புரதம் சவ்வில் நிற்குமா என்று இன்று கணினி சொல்கிறது. ரோடரிக் மெக்கின்னன் 1998இல் காட்டிய பொட்டாசியம் வாய்க்காலும், பீட்டர் ஆக்ர் கண்டுபிடித்த நீர் வாய்க்காலும் அயனியும் நீரும் கொழுப்பை எப்படித் தாண்டுகின்றன என்ற கேள்விக்குப் புரத உருவிலேயே விடை தந்தன. பாய்மத்தன்மைக்கும் உறுதியான சாட்சி உண்டு: ஈ. கோலை பாக்டீரியா வளரும் வெப்பநிலைக்கேற்பத் தன் கொழுப்பு அமிலங்களை மாற்றி, சவ்வின் பாகுத்தன்மையை ஏறக்குறைய நிலையாக வைத்துக்கொள்கிறது என்று மைக்கேல் சினென்ஸ்கி 1974இல் காட்டினார். பாய்வது செல்லுக்கு முக்கியமில்லை என்றால் அது ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

ஆனால் ஹெண்டர்சன் படம்பிடித்த புரதம் எங்கிருந்து வந்தது என்பதைப் பாடநூல்கள் ஓசைப்படாமல் கடந்துவிடுகின்றன. உப்பு நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதாச் சவ்விலிருந்து. அங்கே எடையில் முக்கால் பங்கு புரதம். புரதங்கள் சரிகையைப் போல் ஒழுங்காகப் படிகமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சவ்வில் பாய்வதற்கு இடமே இல்லை. சிங்கரின் ஆற்றல் கணக்கை உறுதிசெய்த முதல் பெரிய சான்று, சிங்கரின் பாய்மத்தை மறுக்கும் சவ்விலிருந்து வந்தது. ஆகவே இந்த மாதிரி ஒரே கூற்று அல்ல. புரதம் எப்படிப் பதிகிறது என்பது ஒன்று. பதிந்தது நகர்கிறது என்பது வேறு. நகர்வது தற்போக்காகப் பரவிக் கிடக்கிறது என்பது மூன்றாவது. முதலாவது அசைக்க முடியாதது. இரண்டாவதில் நிபந்தனைகள் உண்டு. சிக்கல் எல்லாம் மூன்றாவதில்.

சிங்கரும் நிக்கல்சனும் இங்கே கவனமாகவே எழுதியிருந்தார்கள். மயலின், சிறிய விலங்கு வைரஸ்களின் உறை ஆகியவை இறுகிய அமைப்பாக இருக்கலாம் என்று விலக்கிவைத்தார்கள். பிற தடைகள் இல்லாதபோது நெடுந்தொலைவு ஒழுங்கு இராது. குறுந்தொலைவில் ஒழுங்கு இருக்கலாம் என்றார்கள். நெடுந்தொலைவு என்றால் மைக்ரோமீட்டரின் சில பத்தில் ஒரு பங்குகளும் அதற்கு மேலும். இந்த வரிகளைப் படிக்காமல் அவர்களை மறுத்தவர்கள் ஏராளம். எனினும் காப்பவர்கள் இதே வரிகளைக் கேடயமாகத் தூக்கும்போது எனக்கு உடன்பாடில்லை. ‘பிற தடைகள் இல்லாதபோது’ என்பது மறுக்க முடியாத நிபந்தனை. உயிருள்ள செல்லில் அந்தத் தடைகள் இல்லாத கணமே கிடையாது என்றால், அந்த வாக்கியம் செல்லைப் பற்றி என்னதான் சொல்கிறது? தப்பிக்க வாசல் வைத்துக் கட்டிய கூற்றுக்குத் தோல்வியும் இல்லை, வெற்றியின் பெருமையும் இல்லை.

தடைகள் எவை என்று பார்ப்போம். முதலில் நெரிசல். 2006இல் கோட்டிங்கனில் ராய்ன்ஹார்ட் யானின் குழு, நரம்புமுனையில் வேதிச் செய்தியைச் சுமக்கும் நுண்பை ஒன்றிலுள்ள புரதங்களை எண்ணிப் படமாக வரைந்தது. சுமார் 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள அந்தப் பையில் சினாப்டோபிரெவின் என்ற ஒரே புரதத்தில் மட்டும் ஏறத்தாழ 70 பிரதிகள். வரைந்த படத்தில் கொழுப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சவ்வு பாய்வதைவிட மொசைக்காக இருப்பதே அதிகம் என்று அதற்கு முந்தைய ஆண்டே டொனால்ட் எங்கல்மன் எழுதியிருந்தார். எனக்கு அது மிகையாகப் படவில்லை. 1972இன் பரந்த கொழுப்புக் கடலும் அதில் அரிதான புரதத் தீவுகளும் வரைந்தவரின் வசதிக்கானவை.

அடுத்தது இரு முகங்களின் வேறுபாடு. சிவப்பணுச் சவ்வில் பாஸ்பாடிடைல்செரின் என்ற லிப்பிடு ஏறக்குறைய முழுவதும் உட்புறத்தில் இருக்கிறது. ஒரு பாஸ்போலிப்பிடு பக்கத்து மூலக்கூறுடன் நொடியில் பல லட்சம் முறை இடம்மாறும். தானாக மறுமுகத்துக்குப் புரள மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகும். ஃபிலிப்பேஸ் நொதிகள் ஏடிபியைச் செலவழித்து இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கின்றன. சாகும் செல்லில் காவல் தளர்ந்து அந்த லிப்பிடு வெளியே தெரியும்போது, விழுங்கும் செல்கள் அதை அடையாளம் கண்டு தின்கின்றன. இரத்தத் தட்டில் அதே வெளிப்பாடு உறைதலைத் தூண்டுகிறது. மேலும் கீழும் ஒரே நிறத்தில் வரையும் படம் மறைப்பது இந்த உயிர்-சாவு விவகாரத்தை. முகம் விட்டு முகம் புரள்வது கடினம் என்பதைக் கட்டுரை சொல்லியிருந்தது, படம் சொல்லவில்லை.

மூன்றாவது வேலி. செல்லின் சவ்வில் மூலக்கூறுகள் செயற்கைச் சவ்வில் நகர்வதைவிடப் பலமடங்கு மெதுவாக நகர்வது ஏன் என்ற கேள்வி நெடுநாளாக இருந்தது. ஜப்பானில் அகிஹிரோ குசுமியின் குழு 2002இல், 25 மைக்ரோநொடிக்கு ஒரு படம் எடுத்து ஒற்றைப் பாஸ்போலிப்பிடின் பாதையைத் தொடர்ந்தது. எலிச் சிறுநீரகச் செல்லில் அது சுமார் 230 நானோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் விரைந்து சுற்றி, சராசரியாக 11 மில்லிநொடிக்கு ஒருமுறை அடுத்த கட்டத்துக்குத் தாவியது. கட்டத்துக்குள் வேகம் செயற்கைச் சவ்வுக்கு இணை. சவ்வின் அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் வேலி, அதில் நங்கூரமிட்ட புரதங்கள் கம்பம் என்பது அவர்கள் விளக்கம். 40 நானோமீட்டர் தங்கத் துகளைச் சின்னஞ்சிறு மூலக்கூறில் கட்டினால் அதன் நடையே மாறாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், கேட்டது நியாயமே. பிறகு ஒளிரும் மூலக்கூறை மட்டும் வைத்துச் செய்த அளவீடுகளிலும் தாவல் தெரிந்தது. குசுமியின் முடிவு பாய்மத்தை மறுக்கவில்லை, எந்த அளவு வரை அது செல்லும் என்று எல்லை வகுத்தது. இந்த வழக்கில் என்னை மிகவும் இணங்கவைத்த சாட்சி இதுதான்.

அதிக ஆரவாரத்தோடு வந்தது தெப்பம். 1997இல் கை சைமன்ஸும் எலினா இக்கோனெனும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் சேர்ந்து இறுக்கமான திட்டுகளாக மிதக்கின்றன, சமிக்ஞைப் புரதங்களை அவை சுமந்து செல்கின்றன. அடித்தளச் சான்று 1992இல் பிரவுனும் ரோஸும் செய்த சோதனை: 4 டிகிரி குளிரில் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சலவைப்பொருளை ஊற்றினால் சவ்வின் ஒரு பகுதி கரையாமல் மிஞ்சியது. மிஞ்சியதே தெப்பம் என்று ஆயிரக்கணக்கான ஆய்வுகள் எடுத்துக்கொண்டன.

இதை ஏற்பதில் எனக்குள்ள தயக்கம் எளிது. உடல் 37 டிகிரியில் இயங்குகிறது, 4 டிகிரியில் அல்ல. இல்லாத திட்டுகளை டிரைட்டனே உண்டாக்கக்கூடும் என்று 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கொலஸ்ட்ராலை சைக்ளோடெக்ஸ்ட்ரினால் உறிஞ்சி எடுத்தால் செயல் நின்றுவிடுகிறது, எனவே தெப்பம் உண்டு என்பது மற்றொரு வழக்கமான வாதம்; கொலஸ்ட்ராலை உறிஞ்சினால் ஆக்டின் வலையும் கலைகிறது என்று எடிடின் குழு 2003இல் காட்டியது. ஒரே வெட்டில் இரண்டு கயிறு அறுந்தால் எது பாரத்தைத் தாங்கியது என்று எப்படிச் சொல்வது? அதே ஆண்டு ஷான் மன்ரோ தெப்பங்கள் கைக்குச் சிக்காதவையா, வெறும் மாயையா என்று வெளிப்படையாகவே கேட்டார். 2006இல் துறையினர் கூடி ஒரு வரையறைக்கு இணங்கினார்கள்: 10 முதல் 200 நானோமீட்டர் வரை, பலவகைப்பட்டவை, மிகவும் நிலையற்றவை. எதையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமான வரையறை.

தெப்பக் கட்சிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வகைக் கொழுப்பைக் கலந்த செயற்கைப் பைகளில் இரு திரவ நிலைகள் பிரிவதை சாரா வீட்சும் சாரா கெல்லரும் கண்முன் காட்டினார்கள். செல்லிலிருந்து கொப்புளமாக உரித்த சவ்வும் குளிரவைத்தால் அப்படியே பிரிகிறது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட்டின் வாக்யுவோல் சவ்வில் மைக்ரோமீட்டர் அளவுத் திட்டுகளைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். ஆகவே இயற்பியல் பொய்யல்ல. ஆனால் பாலூட்டியின் புறச்சவ்வு பற்றிய கூற்று வேறு. 2009இல் ஸ்டெஃபான் ஹெல்லின் ஆய்வகம் ஸ்பிங்கோலிப்பிடுகள் 20 நானோமீட்டருக்கும் குறைந்த இடத்தில் 10-20 மில்லிநொடி மட்டும் சிக்குவதைக் கண்டது. 2013இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் மேரி கிராஃப்ட் குழு ஸ்பிங்கோலிப்பிடுத் திட்டுகளை வேதி முறையில் நேரடியாகப் படமெடுத்தது. திட்டுகள் இருந்தன, அவற்றில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இல்லை, சவ்வின் அடிச்சட்டத்தைக் குலைத்தால் திட்டுகளும் குலைந்தன. தெப்பக் கொள்கையின் அடிமரத்திலேயே விழுந்த வெட்டு இது.

இதற்கு மாற்றாக எழுந்த விளக்கங்களில் வலுவானது பெங்களூரிலிருந்து வந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரின் குழு, சவ்வின் வெளிமுகத்தில் மட்டும் ஒட்டியிருக்கும் புரதங்களின் செறிவை ஒளியாற்றல் பரிமாற்றத்தால் அளந்தது. சலவைப்பொருள் இல்லை, குளிரவைப்பும் இல்லை. அதிகபட்சம் நான்கு மூலக்கூறுகளே கொண்ட நுண்கொத்துகள் தெரிந்தன. வெப்பச் சமநிலையில் எதிர்பார்க்கும் விதிக்கு அவற்றின் விகிதம் அடங்கவில்லை. இயற்பியலாளர் மதன் ராவுடன் சேர்ந்து 2012இல் அவர்கள் தந்த விளக்கம்: சவ்வின் அடியில் மயோசின் இழுக்கும் குட்டை ஆக்டின் இழைகள் இந்தக் கொத்துகளைக் கட்டிக் கலைக்கின்றன. வெளிமுகப் புரதத்தை உட்பக்க இழை எப்படிப் பிடிக்கும் என்பதே இடைவெளி. 2015இல் அதையும் அடைத்தார்கள்: உட்புறத்துப் பாஸ்பாடிடைல்செரினின் நீண்ட வால், வெளிமுகக் கொழுப்பின் நீண்ட வாலோடு நடுவில் பின்னிக்கொள்கிறது. கொழுப்பின் இயல்பான சேர்க்கை விருப்பமும் செல் செலவழிக்கும் ஆற்றலும் இங்கே ஒரே இயந்திரமாகின்றன. 1972இன் மாதிரியில் இல்லாதது இந்த இரண்டாவது கூறு. அங்கே செல் தன் சவ்வில் வாழ்கிறது. இங்கே செல் தன் சவ்வை இயக்குகிறது.

எனவே தீர்ப்பு. புரதம் சவ்வில் பதியும் விதம் பற்றிய 1972இன் கூற்று முழுமையாக நிற்கிறது. அதற்குச் செய்ய வேண்டிய திருத்தம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாய்மம் என்பது சில நூறு நானோமீட்டருக்குள், சில மில்லிநொடிக்குள் சரி. செல் முழுவதற்கும் நீட்டினால் தவறு. மொசைக் என்பது ஆசிரியர்கள் நினைத்ததைவிடவும் சரி. தற்போக்கான பரவல் என்பது செல்லில் நடப்பதன் விவரிப்பாகத் தோற்றுவிட்டது; ஒப்பிட்டுப் பார்க்கும் தொடக்கப் புள்ளியாக மட்டும் பயன்படும். தெப்பம், நிலையான மேடை என்ற பொருளில், நிரூபணமாகவில்லை. கொழுப்பின் ஒரு நாட்டம் என்ற பொருளில் ஏற்கத்தக்கது. ‘தெப்பம்’ என்று தலைப்பில் போட்டு முறையியலில் டிரைட்டன் மட்டும் வைத்திருக்கும் பழைய கட்டுரைகளை இனி மேற்கோள் காட்டாதிருப்பது நல்லது.

பாடநூலுக்குத் தண்டனை சிறியதுதான். படத்தில் புரதங்களை நெருக்கி வரைய வேண்டும், இரு முகங்களுக்கு இரு நிறம் தர வேண்டும், அடியில் ஆக்டின் வலையைச் சேர்க்க வேண்டும். படத்தின் ஓரத்தில் நானோமீட்டர் அளவுகோல் ஒன்றும் வேண்டும். பாய்மம் எவ்வளவு தூரம் வரை என்பதை மாணவர் அதை வைத்தே கேட்பார்.

மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு. உயிருள்ள பாலூட்டிச் செல்லில், 37 டிகிரியில், ஆக்டினை முடக்கிய பின்னும், கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் ஒருங்கே செறிந்த திட்டுகள் நொடிக்கணக்கில் நிலைப்பதை ஒட்டுத் துகளோ சலவைப்பொருளோ இல்லாமல் யாராவது அளந்து காட்டினால், தெப்பம் பற்றிய மேற்கண்ட பகுதியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.